கம்பிப் பறவைகள் நாற்பத்து மூன்று

அக்டோபர் 17, வெள்ளி.
இன்றைய தவறு: விழாக் கையேட்டின் மூன்றாவது மாதிரி வரியை அச்சுக்குப் போகும் முன் நீக்க மறந்ததை இன்றும் வீட்டில் சொல்லவில்லை. இதை ஒரு தவறாக எழுதுவதா, இரண்டாகவா என்று தெரியவில்லை. சிறிய தவறுதான். ஒன்று என்றே வைத்துக்கொள்கிறேன்.
நாளைய வேலை: அப்பா கதவைத் திறப்பதற்கு முன் சொல்லிவிடுவது.

அந்த வேலை நடக்கவில்லை. சனிக்கிழமை காலை இதை எழுதியவள் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் அப்பா வாசல் கதவை விரியத் திறந்து, அது தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் அட்டையை மடித்துச் செருகியிருந்தார். பார்வையாளர் நேரம் பத்து மணி என்று கையேட்டில் போட்டிருந்தது. அப்போது மணி ஏழே கால்.

போன வாரம் வரை இந்தத் தொடரைப் படித்து வந்தவர்களுக்கு இந்த வீட்டுத் தலைவலி தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம்.

மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியதும் அந்தப் பெருநகரத்தில் கலை விழா தொடங்கிவிடும். ஆறு வாரம். நாடகம், நடனம், ஓவியக் கண்காட்சி, பாலத்தடியில் வயலின், மூடிக் கிடக்கும் தொழிற்சாலையில் பொம்மலாட்டம் என்று ஊரே அமளிதுமளிப்படும். அதில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் ‘திறந்த வீடுகள்’. கலைஞர்கள் தங்கள் வீட்டையும் பட்டறையையும் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். எந்த வீடு, எத்தனை மணிக்கு, எந்த பஸ் என்று சொல்லும் கையேட்டைத் தயாரிப்பது விழா அலுவலகம்.

அந்த அலுவலகத்தின் பட்டியல் பிரிவில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறாள் இந்த வீட்டுப் பெண். அங்கே சேர்வதற்கு வெகுநாள் முன்பே அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் ‘பட்டியல்’. காலுறையைக்கூட நிறவாரியாக அடுக்கி வைக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்புக்குப் போய் எழுதக் கற்றுக்கொள்கிறாள். தினமும் தேதி போட்டு, அன்று செய்த ஒரு தவறையும் மறுநாள் செய்ய வேண்டிய ஒரு வேலையையும் எழுத வேண்டும் என்பது வகுப்பில் கொடுத்த பயிற்சி. மற்றவர்கள் ஒரே வாரத்தில் விட்டுவிட்டார்கள். இவள் விடவில்லை.

கையேட்டுக் கட்டங்களின் அகலம் போதுமா என்று பார்க்க அவள் மூன்று மாதிரி வரிகளை எழுதினாள். நீளமான முகவரி ஒன்று தேவைப்பட்டது. தொகுதி, படிக்கட்டு, மாடி, கதவு என்று ரயில் பெட்டி போல நீளும் தன் வீட்டு முகவரியையே போட்டாள். மாதிரி வரிகள் சிவப்பில் இருக்க வேண்டும் என்பது அவளே வகுத்த விதி. மூன்றாவதை மட்டும், அச்சில் எப்படி வரும் என்று பார்க்க, ஒரு நிமிடம் கறுப்பாக்கினாள். அச்சுக்கு அனுப்பும் நாளில் சிவப்பு வரிகள் இரண்டும் போயின. கறுப்பு தங்கிவிட்டது.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் அது இப்படி வந்திருந்தது: ‘லிஃப்ட் மெக்கானிக்கின் பறவைகள். பழைய லிஃப்ட் கம்பியில் செய்த நாற்பத்து மூன்று பறவைகளை அவர் வீட்டிலேயே காணலாம்.’

அதை முதலில் பார்த்தவர் அப்பாதான். லிஃப்ட் பழுது பார்க்கப் போன ஒரு கட்டடத்தின் வரவேற்பு மேசையில் கையேடு கிடந்திருக்கிறது. அன்று மாலை ஐந்து பிரதிகளோடு வீட்டுக்கு வந்தவர், “ஒரு வார்த்தை சொல்லலையே பாப்பா!” என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றார். மகள் தன் அலுவலகத்தில் தனக்காகப் பேசி, தன் பெயரை, பெயர் இல்லாவிட்டாலும் தன் தொழிலை, அச்சில் ஏற்றியிருக்கிறாள் என்று அவர் நம்பினார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவளால் முடியவில்லை. அன்றும் முடியவில்லை, வெள்ளிக்கிழமையும் முடியவில்லை.

“இந்தச் சட்டை பரவாயில்லையா?” என்றார் அப்பா இப்போது. இரண்டு முறை சவரம் செய்த தாடையில் ஒரு சிறு கீறல்.

“நல்லா இருக்குப்பா.”

“காலர் பழசுதான். ஆனா உங்க அம்மா கை பட்டா பழசெல்லாம் எழுந்து நிக்கும்.”

சலவைக்கடையில் நாள் முழுதும் ஊராரின் சட்டைக்கு இஸ்திரி போடும் அம்மா, உலர்த்திய துணிகளை மூட்டையாகக் கட்டிப் படுக்கையறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். “ஆமா, எழுந்து நிக்கும். உங்க பறவைங்களையும் கொஞ்சம் எழுந்து நிக்கச் சொல்லுங்க. டிவிக்கு மேல தூசு தட்டணும்.”

பறவைகள் வீடெங்கும் இருந்தன. ஃப்ரிட்ஜின் மேல் ஏழு, ஜன்னல் ஓரத்தில் பதினொன்று, தொலைக்காட்சி அலமாரியில் ஒன்பது, செருப்பு அலமாரியில் பன்னிரண்டு, குளியலறையில் நான்கு. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. லிஃப்டைத் தூக்கி இறக்கும் தடித்த கம்பி வடம் தேய்ந்துபோனால் மாற்றுவார்கள். அதன் இழைகளைப் பிரித்து அப்பா செய்தவை. பதினொரு வருடமாகச் செய்கிறார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. சிலர் கொட்டாவி விடும்போது சொடுக்குப் போடுவார்களே, அதைப்போல ஒரு பழக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

பஸ் ஓட்டுநரான அண்ணனுக்கு அன்று விடுமுறை. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். “டிக்கெட் கிடையாது, ஆனா நிக்கறவங்க கம்பியைப் பிடிச்சுக்கணும்” என்று யாருமில்லாத படிக்கட்டைப் பார்த்துச் சொல்லிப் பயிற்சி எடுத்தான்.

“யாரும் வரலைன்னா அப்பாகிட்ட என்னண்ணா சொல்றது?” என்று மெல்லக் கேட்டாள் அவள். அப்படி நடந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்து, அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

“வராம? உன் ஆபீஸ் புத்தகத்துல போட்டா ஊர்ல பாதிப் பேர் எதையும் பார்க்க வருவாங்க. போன வருஷம் ஒருத்தர் வீட்டுல வெறும் சுவரைப் பார்க்கவே வரிசை நின்னுச்சாம். நீ கிளம்பு.”

கிளம்பினாள். விழாவின் முதல் சனிக்கிழமை. பட்டியல் பிரிவில் எல்லோருக்கும் வேலை. அப்பாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் படிக்கட்டு முழுதும் அவள் கூடவே இறங்கி வந்தது.

அலுவலகத்தில் தொலைபேசிகள் ஓயவில்லை. நடன ஒத்திகை மழையால் உள்ளரங்கத்துக்கு மாறிவிட்டது. நாடகக் கொட்டகையில் சக்கர நாற்காலிக்கு வழி எங்கே. குழந்தைகளுக்கு அனுமதி உண்டா. பதினொன்றரை மணிக்கு ஓர் ஆண் குரல்.

“முப்பத்தெட்டாம் பக்கம், அந்தப் பறவை வீடு. எந்த பஸ்?”

“இருபத்திரண்டு. பூங்கா நிறுத்தத்துல இறங்கணும்.”

“பத்து நிமிஷம் பொறுத்துக்கிட்டா போதும்னு போட்டிருக்கீங்களே. அதுக்கு மேல ஆகாதில்ல?” என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுக் கையேட்டைப் புரட்டினாள். கையேட்டில் அப்படி ஒரு வாக்கியமே இல்லை. அவளுக்குத்தான் தெரியும், எங்கே இருக்கிறதென்று.

விழாவின் இணையதளத்தைத் திறந்தாள். அச்சுக் கையேட்டின் கட்டத்தில் இரண்டு வாக்கியத்துக்குத்தான் இடம். மிச்சமெல்லாம் கட்டத்துக்குக் கீழே வழிந்து மறைந்துவிட்டது. இணையத்தில் கட்டம் கிடையாது. அங்கே அவள் எழுதிய முழுதும் இருந்தது:

‘லிஃப்ட் மெக்கானிக்கின் பறவைகள். பழைய லிஃப்ட் கம்பியில் செய்த நாற்பத்து மூன்று பறவைகளை அவர் வீட்டிலேயே காணலாம். ஒன்றுகூடப் பறக்கிற மாதிரி இருக்காது. வீட்டில் உள்ளவர்கள் பதினொரு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் பத்து நிமிடம் பொறுத்துக்கொண்டால் போதும்.’

நாட்குறிப்பில் அவள் எழுதாமல் விட்டது இதைத்தான். நீக்க மறந்தாள் என்பது சின்ன விஷயம். நீக்க மனம் வரவில்லை என்பதே நிஜம். அலுவலகத்தில் சேர்ந்த முதல் ஐந்து மாதம் மதியச் சாப்பாட்டை அவள் தன் மேசையிலேயே, கணினியைப் பார்த்தபடி சாப்பிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் இந்த வரி பக்கத்து மேசைக்காரி கண்ணில் பட்டு, அவள் வாய்விட்டுச் சிரித்து, “இதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டு” என்று கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேசைக்கு இழுத்துப் போனாள். எட்டுப் பேர் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று முதல் அந்த மேசையில் அவளுக்கு ஒரு நாற்காலி.

“யாரு இந்த ஆளு?” என்று கேட்டார்கள் அன்று.

“தெரிஞ்சவங்க ஒருத்தர்” என்றாள்.

அந்தப் பதிலை நினைத்ததும் இப்போது காது மடல் இரண்டும் கொதித்தன. எழுந்து, இணையதளத்தைக் கவனிக்கும் ஆளிடம் ஓடினாள். அலுவலகம் முழுக்க அவனுக்குத் ‘தாடி’ என்றுதான் பெயர்.

“தாடி, அந்தப் பறவை வரியைத் தூக்கிடு. இப்பவே.”

“எது, பத்து நிமிஷம் பொறுத்துக்கங்கவா? நம்ம தளத்துல உருப்படியான ஒரே வரி அதுதான். ஏன்?”

“அது எங்க வீடு.”

“எங்க வீடுன்னா?”

“எங்க வீடுதான். அவர் எங்க அப்பா.”

தாடியின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. “நீ யாரோ தெரிஞ்சவரைப் பத்தி எழுதினேன்னு நெனச்சேன்” என்றான். பிறகு திரையின் பக்கம் திரும்பி அதை நீக்கினான். மணி பதினொன்று நாற்பது. அவன் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு இருபத்திரண்டாம் எண் பஸ்ஸில் ஏறினாள். சதுக்கத்தில் மாணவர்கள் செல்லோ வாத்தியத்துக்குப் பிளாஸ்டிக் உறை போர்த்தி மழை விடக் காத்திருந்தார்கள். அருங்காட்சியகத்தின் முன் குடைகளின் வரிசை. நனைந்த இலைகள் பஸ் படியில் ஒட்டிக்கொண்டு ஏறின. பூங்கா நிறுத்தத்தில் அவளோடு ஐந்து பேர் இறங்கினார்கள். ஐந்து பேர் கையிலும் கையேடு. முப்பத்தெட்டாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் நடக்க, தன் வீட்டுக்கே வழி தெரியாதவள் போல அவள் பின்னால் போனாள்.

நான்காம் மாடிப் படிக்கட்டு வரை ஆட்கள். மேலே அண்ணனின் குரல் கணீரென்று கேட்டது. “பொறுமையா வாங்க. ஒரு தடவைக்குப் பன்னெண்டு பேர். ஈரக் குடையை இந்த வாளியில வைங்க. ஏய் பட்டியல்! வரிசையில வா. சொந்தக்காரங்களுக்குத் தனி வழி கிடையாது.”

“எத்தனை பேர்ண்ணா வந்தாங்க?”

“நாப்பத்தாறு. காலைல வந்த ஒரு ஜோடி நம்ம பாத்ரூம்ல ஒழுகற குழாயையும் படைப்புன்னு நெனச்சு ரெண்டு போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கு. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். எதுக்கு மனசை நோகடிக்கணும்?”

ஈரக் கோட்டுகளின் முதுகுகளுக்கு இடையில் புகுந்து உள்ளே போனாள். அம்மா ஒரு முதியவரிடம், “அந்த சோபாவுல நடுவுல உக்காராதீங்க, ஸ்பிரிங் குத்தும். ஓரமா உக்காருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தில் ஒரு பளபளப்பு. விருந்தாளிகள் வந்தால் மட்டும் வருவது.

ஜன்னல் பக்கம் அப்பா. அவர் எதிரே மழைக்கோட்டு அணிந்த, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி. குனிந்து பறவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஒண்ணு கேக்கலாமா சார்? ஏன் எல்லா றெக்கையும் மடங்கியே இருக்கு? தலைகூட ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு.”

“அதுவா…” அப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “மேல மெஷின் ரூம் ஜன்னல் திறந்திருந்தா பறவைங்க உள்ள வந்துடும்மா. லிஃப்ட் போற பள்ளத்துல இறங்கிடும். இருட்டுல திரும்பிப் போற வழி தெரியாது. கடைசில அடியில குழில விழுந்து கிடக்கும். அந்தக் குழிக்குள்ள வேற யாரும் இறங்க மாட்டாங்க. நான் இறங்கினாத்தான் உண்டு.”

“அப்ப இதெல்லாம்…”

“எப்படிக் கிடந்துச்சோ அப்படியே செஞ்சதுதான். இது ஆஸ்பத்திரிக் கட்டடம். இது ரெண்டும் ஒரே நாள்ல, அந்தப் பெரிய ஹோட்டல்ல. பெருக்கித் தள்ளிட்டுப் போயிடலாம். நானும் தள்ளத்தான் செய்வேன். ஆனா ஒரு ஆள் பார்த்தான்னு இருக்கட்டுமேன்னு.”

செருப்பு அலமாரியின் பக்கம் நின்ற ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

பதினொரு வருடம். எந்தப் பறவை எந்த அலமாரியில் என்று எண்ணிக் குறித்து வைத்திருந்தாள். இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டதில்லை. எங்கிருந்தோ மழையில் வந்த ஒருவர் வந்த வேகத்தில் கேட்டுவிட்டார். அப்பாவும் சொல்லிவிட்டார், யாராவது கேட்பார்கள் என்றே காத்திருந்தவர் போல.

“அப்ப இதை யார் எழுதினது?” என்றார் மழைக்கோட்டுப் பெண்மணி, பையிலிருந்து கைபேசியை எடுத்தபடி. “புத்தகத்துல இல்லை. காலைல வீட்டுல ஃபோன்ல பார்த்தேன். இந்தாங்க, அந்தப் பக்கம் இன்னும் திறந்தே இருக்கு.”

அவள் முன்னால் நகர்ந்தாள். எதிரே மூன்று கோட்டுகள். அதற்குள் அந்தப் பெண்மணி படித்துவிட்டார். நல்ல தெளிவான குரல். மேடையில் பேசிப் பழகியவர் போல. ஒன்றுகூடப் பறக்கிற மாதிரி இருக்காது. பதினொரு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் பொறுத்துக்கொண்டால் போதும்.

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி இருமலாக மாற்றினார்.

அப்பா ஜன்னல் ஓரத்துப் பறவை ஒன்றை அரை விரல் நகர்த்தி வைத்தார். மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் முன்பு ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் அவரை ‘ஏய்’ என்று கூப்பிட்டபோது.

“ஆபீஸ்ல யாரோ வேடிக்கைக்கு எழுதியிருப்பாங்க. விடுங்கம்மா. எம் பொண்ணு அங்கதான் வேலை பார்க்கறா. அவ கண்ணுல பட்டிருந்தா எழுதினவனை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பா.” அப்போதுதான் கோட்டுகளுக்கு நடுவில் அவள் முகத்தைக் கண்டார். “இதோ, அவளே வந்துட்டா! பாப்பா, இங்க வா. இது யாரு எழுதினதுன்னு தெரியுமா?”

பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“தெரியலைப்பா” என்றாள். “திங்கக்கிழமை விசாரிக்கறேன்.”

சமையலறை வாசலில் நின்ற அம்மா அவளையே பார்த்தாள். முகத்தின் பளபளப்பு போய்விட்டிருந்தது.

“எதுக்கும்மா திங்கக்கிழமை வரைக்கும்?” என்றார் மழைக்கோட்டுப் பெண்மணி. “உங்க மேலாளரை எனக்கு நல்லாத் தெரியும். நான்தான் விழாவோட நிறைவுக் கண்காட்சியைப் பார்த்துக்கறேன். சார், நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி வர்றேன். அஞ்சு பறவை எடுத்துக்கிட்டுப் போய்க் கண்காட்சியோட பெரிய கூடத்துல வைக்கலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சம்மதமா?”

அப்பா மறுபடி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். தலையை மட்டும் இரண்டு முறை ஆட்டினார்.

அலுவலகத்துக்குத் திரும்பிப் போனதும், மாலை வரை அங்கே இருந்ததும் அவளுக்குச் சரியாக நினைவில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டுத் தன் மேசையிலேயே சாப்பிட்டாள்.

ஆறரைக்கு வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. கூடம் முழுக்கச் செருப்புத் தடம். அப்பா சாப்பாட்டு மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, கட்டிங் பிளேயரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு பறவை.

“என்னப்பா பண்றீங்க?”

“நாளைக்கு அந்தம்மா வர்றாங்களே. அதுக்குள்ள கொஞ்சம் சரி பண்ணிடலாம்னு.” பிளேயரால் ஒரு றெக்கையைப் பிடித்து மேலே திருகினார். கம்பி முனகியது. இன்னும் கொஞ்சம் திருகினார். “இப்ப பறக்கற மாதிரி இருக்கா, பாரு.”

“வேணாம்ப்பா. அப்படியே இருக்கட்டும். அப்படியே இருக்கறதுதான் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு.”

“அவங்க பெரிய மனுஷி, மரியாதைக்குச் சொல்லுவாங்க. எழுதினவன் சொன்னதுலயும் விஷயம் இருக்கு பாப்பா. நாம வீட்டு ஆளுங்க, பார்த்துப் பார்த்துப் பழகிட்டோம். வெளியாளு கண்ணுலதான் குறை தெரியும். கூடத்துல வெச்சு ஊரே பார்த்து, ஒண்ணுகூடப் பறக்கலையேன்னு சொன்னா உனக்குத்தானே ஆபீஸ்ல தலைகுனிவு?”

டக்கென்று ஒரு சத்தம். றெக்கை ஒடிந்து மேசையில் விழுந்து உருண்டது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். அப்பா அதை எடுத்து, ஒடிந்த முனையை விரலால் தடவி, பறவையின் பக்கத்தில் வைத்தார்.

“பழைய கம்பி. ரொம்ப நாள் ஒரே பக்கமா இருந்துடுச்சு. சூடு பண்ணித் திருப்பணும்போல. காலைல ஆறு மணிக்கு எழுந்தா பத்துக்குள்ள ஒரு இருபதாவது முடிச்சிடலாம்.” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். “எது எப்படியோ, உன்னாலதான் இன்னிக்கு எண்பது பேர் வந்தாங்க. எங்க சூப்பர்வைசர்கூட வந்தார். எம் பொண்ணு போட்டதுன்னு சொன்னேன்.”

வாய் வரை வந்த வாக்கியம் ‘எம் பொண்ணு’ என்ற வார்த்தையில் முட்டி நின்றுவிட்டது. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று உள்ளே போனார்.

சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு துணியை எடுத்துப் பக்கத்தில் நின்று துடைத்தாள். நான்கு தட்டை அடுக்கி வைத்தாள்.

“பதினோரு வருஷமாப் பொறுத்துக்கிட்டிருக்கேன்” என்றாள் அம்மா, குழாயைப் பார்த்தபடி. “அது என் வாயில வர்ற வார்த்தைடி. தூசு தட்டும்போதெல்லாம் சொல்லுவேன். உன் ஆபீஸ்ல எவனுக்கு அது தெரியும்?”

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

“நான் சொல்றது அவர் மூஞ்சிக்கு நேரா. சொல்லிட்டு அடுத்த நிமிஷம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுப்பேன். நீ அதை எடுத்துக்கிட்டுப் போய் யார்கிட்டயோ சிரிக்கக் குடுத்துட்டு வந்திருக்க.”

“தப்புதாம்மா.”

“என்கிட்ட எதுக்கு அதைச் சொல்ற?”

“நீங்க சொல்லிடுங்களேம்மா அப்பாகிட்ட. நீங்க சொன்னா கொஞ்சம்…”

“நான் சொன்னா அது கோள் மூட்டறது. அந்தம்மா உன் மேலாளர்கிட்ட கேட்டு நாளைக்குப் பத்து மணிக்குச் சொன்னா அது அவமானம். நீயே சொல்லு.” அம்மா குழாயை மூடினாள். ஈரக் கையோடு அப்படியே நின்றாள். “இன்னொண்ணு. அந்த வார்த்தை எனக்குப் பழகின மாதிரி அவருக்கும் பழகினதுதானே? தினமும் கேட்டிருக்காரு. காதுல விழுந்ததும் அவருக்கு ஒண்ணும் தோணியிருக்காதுன்னா நினைக்கற?”

அவள் நிமிர்ந்தாள். “அப்பாவுக்குத் தெரியுமாம்மா?”

“எனக்கென்ன தெரியும்? இருபத்தெட்டு வருஷமாச்சு, அந்த மனுஷன் மனசுல என்ன இருக்குன்னு முழுசாத் தெரிஞ்சதில்லை. அந்தப் பறவை சமாச்சாரமே இன்னிக்குத்தானே எனக்குத் தெரியும்.” முந்தானையால் கையைத் துடைத்தாள் அம்மா. பிறகு, கையைத் துடைத்த அதே வேகத்தில் கண்ணையும். “போ. போய் அந்த மேசையை ஒழுங்கு பண்ணு. அண்ணன் வந்தா சாப்பிடணும்.”

மேசையில் ஒடிந்த பறவை அப்படியே இருந்தது. பக்கத்தில் பிளேயர். அவள் பறவையை இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பினாள். அடியில், கம்பிக்குள் செருகிய சின்னத் தகரத் துண்டில் ஆணியால் கீறி ஒரு தேதி, ஒரு முகவரி. எண்ணிய காலத்தில் அவள் எதையும் கையில் எடுத்ததில்லை. கண்ணால் எண்ணியதோடு சரி.

பறவையை ஜன்னல் ஓரத்தில் மற்றவற்றோடு வைத்தாள். ஒடிந்த றெக்கையை அதன் அருகே வைத்தாள். பிளேயரை மட்டும் அங்கே விட மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

“பட்டியல், அப்பாவோட பிளேயரை எங்க தூக்கிட்டுப் போற?” என்றான் அப்போதுதான் உள்ளே வந்த அண்ணன். “உனக்கு எதுக்கு அது? பேனா முனை மாட்டிக்கிச்சா?”

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டிலில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தாள். எட்டு மணி. மழை மறுபடி தொடங்கியிருந்தது. தானாகச் சொல்லப் போகிறேனா, பத்து மணிக்குப் பயந்து சொல்லப் போகிறேனா என்று யோசித்துப் பார்த்தாள். பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதையும் எழுதலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டாள்.

அக்டோபர் 18, சனி.
இன்றைய தவறு: அப்பா எல்லோர் முன்னாலும் கேட்டபோது, தெரியலை என்று சொன்னேன்.
நாளைய வேலை: காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து, அப்பா பிளேயரைத் தேடத் தொடங்கும் முன், அதை அவர் கையில் கொடுத்து, அந்த வரியை எழுதியது நான் என்று சொல்வது. யாரைச் சிரிக்க வைக்க எழுதினேன் என்பதையும் சொல்வது.